எழுதும் பெண்களும் எழுத்துத் துணையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய கூட்டத்திற்கு எமக்குக் கொடுக்கப்பட்ட பொருள் 'பெண்கள் முன்னேற்றம்' என்பதாகும். அது மிகப் பரந்த பொருள். முக்கால் மணி நேரத்தில் அதனை முழுமையாகப் பேச முற்படுபவர் ஈற்றில் ஒன்றையும் பேசாமலே அமர வேண்டி வரும். ஆகவே செயலாளர் அவர்களின் அனுமதியோடு அதன் ஒரு மூலையை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றோம். பெண்ணொருத்தி தான் கண்டதையும் பட்டதையும் எழுதி வைப்பதனாலும், அதனை வேறு பெண்கள் படித்துப் பதில் எழுதுவதனாலும் அவளுக்கு என்ன வலிமை பிறக்கின்றது என்பதே அம் மூலை. பார்வைக்குச் சிறியதுதான். ஆயினும் இச் சங்கம் அடுத்த மாதம் தொடக்கம் செய்யக்கூடிய ஒரு காரியம் இதனுள் இருக்கின்றது. அதனைப் பின்னர் கூறுவோம்.

பெண்களும் எழுத்தும் என்றவுடனே மேடைகளில் ஒரு பட்டியல் வாசிக்கப்படுவது வழக்கம். ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், காரைக்காலம்மையார், ஆண்டாள் என்று அது செல்லும். பெருமைப்படத்தக்க பட்டியல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் இப் பட்டியலை மூச்சு விடாமல் ஒப்புவிக்கின்ற பெரியவர், தமது வீட்டில் மகள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பது என்னவென்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? 'ஔவையார் பாடாததையா நீ எழுதப் போகின்றாய்?' என்று சிரிப்போரை நாம் கண்டிருக்கின்றோம். ஆதலின் பட்டியலை இவ்வளவில் நிறுத்தி, நமக்குச் சற்று அண்மையில் வாழ்ந்த சிலரைப் பார்ப்போம்.

வங்காள தேசத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஸ்சுந்தரி தேவி என்னும் பெண் பிறந்தார். எழுத்துப் படித்த பெண் விதவையாவாள் என்ற அச்சம் அக்காலத்தில் அந்நாட்டு இல்லங்களில் வேரூன்றியிருந்தது. பன்னிரண்டு வயதில் அவருக்கு மணமாயிற்று. பெரிய குடும்பம். சமையலும் பிள்ளைப்பேறும் பூசைக்கு ஆயத்தஞ் செய்வதுமாக நாட்கள் கழிந்தன. அடுப்படியில் நின்ற நேரம் போக அவருக்கென்று மிஞ்சிய நேரம் இல்லை. இந்நிலையில் அவர் உள்ளத்தில் ஓர் ஆசை எழுந்தது. சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்பதே அவ் ஆசை.

அந்நூல் தனித்தனி ஏடுகளாக வீட்டில் இருந்தது. ஒருநாள் அதிலிருந்து ஓர் ஏட்டை அவர் உருவியெடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். சிறு வயதிலே தந்தை வீட்டில் நடந்த பாடசாலையில் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்த எழுத்துகள் நினைவில் இருந்தன. ஏட்டின் எழுத்தையும் ஓலையின் எழுத்தையும் நினைவிலிருந்த ஒலியையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, முகத்திரைக்குள்ளே, அடுப்புப் புகையிலே, ஒருவருக்குந் தெரியாமற் படிக்கக் கற்றுக்கொண்டார். அப்பொழுது அவருக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயது. பிற்காலத்தில் 'அமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை', என்ற பெயரில் தமது வரலாற்றை எழுதினார். வங்காள மொழியில் எழுதப்பட்ட முதலாவது முழுமையான தன்வரலாறு அதுவே என்பர். எழுதப் படிக்கத் தெரிந்த எத்தனையோ பண்டிதர்கள் இருந்த நாட்டிலே, அப் பெருமை களவாய் எழுத்துக் கற்ற ஒரு பெண்ணுக்குப் போயிற்று.

இக் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் ஏட்டைத் திருடிய இடத்தோடு நிறுத்திவிடுவர். எமக்கோ அதன் பின்னர் நடந்ததே முக்கியமானதாகப் படுகின்றது. ராஸ்சுந்தரி படிக்கக் கற்றார். ஆனால் நெடுங்காலம் எழுதக் கற்கவில்லை. படிப்பதைக் களவாய்ச் செய்துவிடலாம். எழுதுவதற்குத் தாள் வேண்டும், பேனா வேண்டும், மை வேண்டும், உட்கார இடம் வேண்டும். வெளியூரிற் படித்துக்கொண்டிருந்த மகன் ஒருவன், 'என் கடிதங்களுக்கு அம்மா ஏன் பதில் எழுதுவதில்லை?' என்று கேட்டு, தாளும் பேனாவும் மைக்கூடும் கொண்டுவந்து கொடுத்தான். பிள்ளை பதிலை எதிர்பார்த்திருக்கின்றான் என்ற அந்த நெருக்கடியினாலேதான் அத் தாய் எழுதப் பழகினார். தனியே இருந்து படிக்கலாம். எழுதுவதற்கோ, அதை எதிர்பார்த்து ஒருவராவது எங்கேயாவது காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வை. மு. கோதைநாயகி அம்மாள் விஷயமும் இத்தகையதே. 1901ஆம் ஆண்டிற் பிறந்த அவர் ஐந்து வயதளவில் மணம் முடித்துக் கொடுக்கப்பட்டவர். பாடசாலை சென்று பயின்றவரல்லர். கதை சொல்வதில் வல்லவர். அவருடைய முதல் நாடகமாகிய 'இந்திர மோகனா'வை அவர் வாயாற் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி பக்கத்திலிருந்து எழுதினார். அது 1924ஆம் ஆண்டில் அச்சேறியது. அவர் கணவர் ஊக்கம் கொடுத்தார் என்பது உண்மையே. அதனைப் பலரும் எடுத்துக் கூறுவர். பட்டம்மாளைப் பற்றி எவரும் இரண்டு வார்த்தைக்கு மேற் கூறுவதில்லை. அத் தோழியின் கை இல்லையாயின் அந் நாடகம் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிய கதைகளோடு கதையாகப் போயிருக்கும்.

பின்னர் கோதைநாயகி அம்மாள் தாமே எழுதக் கற்றார். நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை 1925ஆம் ஆண்டில் ஏற்று நடத்தத் தொடங்கினார். ஊராரின் ஏளனத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார், கள்ளுக்கடை மறியலுக்கும் அந்நியத் துணி மறியலுக்கும் போய்ச் சிறை சென்றார், அங்கும் எழுதினார். அந் நாவல்களின் இலக்கியத் தரம் பற்றி விமரிசகர்கள் பலவாறு கூறுவர். அவற்றுள் எல்லாம் சிறந்தவை என்று நாமும் வாதாட வரவில்லை. மதிய வேளையிலே கதவைச் சாத்திக்கொண்டு அப் பத்திரிகையைப் படித்த பெண்களுக்கு, தம்மைப் போல் ஐந்து வயதில் மணமான ஒருத்தி ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக இருக்கின்றாள் என்ற செய்தி, கதையிலும் பெரிய கதையாக இருந்திருக்கும்.

இனி நமது இலங்கைக்கு வருவோம். மங்களநாயகம் தம்பையா அவர்கள் 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை 1914ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஈழத்துத் தமிழ்ப் பெண்ணொருவரின் முதல் நாவல் அது. மங்களம்மாள் மாசிலாமணி அவர்கள் 'தமிழ் மகள்' என்ற பத்திரிகையை நடத்தினார். 1927ஆம் ஆண்டில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராகிய அக்னஸ் டி சில்வா அம்மையாரை டொனமூர் ஆணைக்குழுவினர் விசாரித்தபோது, தோட்டத்திலே வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று வினவினர். அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்குமே நாங்கள் கேட்கின்றோம் என்ற கருத்தில் அம்மையார் தயங்காமல் விடையளித்தார். 1931ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. (தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாற் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தது வேறு கதை, துயரக் கதை.) 1960ஆம் ஆண்டில் உலகின் முதற் பெண் பிரதமரும் இந்நாட்டிலேயே பதவியேற்றார்.

இவ்வளவும் பெற்ற நாட்டிலே பெண்கள் எழுதுவதற்கு என்ன தடை என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். நாமறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். ஊரின் பெயரும் பாடசாலையின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. ஒரு மாணவி தன் தமக்கையின் சீதனத்துக்காக வளவு ஈடு வைக்கப்பட்டதையும், வட்டி கட்டுவதற்காகத் தாய் தோடுகளைக் கழற்றிக் கொடுத்ததையும் எளிய நடையில் எழுதிப் பாடசாலை மலருக்குக் கொடுத்தாள். மலர்க் குழுவினர் படித்தனர். நன்றாக இருக்கின்றது என்றனர். 'ஆனால் இது குடும்ப விஷயம் அல்லவா?' என்று கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'பெண்மையின் பெருமை' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதித் தருமாறு கேட்டனர். அவளும் எழுதிக் கொடுத்தாள். அது அச்சாயிற்று. அதில் அவள் எழுதியது என்று சொல்வதற்கு அவளுடைய பெயர் மாத்திரமே இருந்தது.

எவரும் அப் பிள்ளையை எழுதாதே என்று கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். எதை எழுதலாம் என்பதை மாத்திரம் கூறினார்கள். நம்முடைய காலத்துத் தடை இவ்வாறு மெல்லிய குரலில், மரியாதையாக வருகின்றது. தோடு கழன்ற கதையைப் படித்திருந்தால், அவ்வூரில் வேறு எத்தனை பெண்கள் தங்கள் வீட்டிலும் இதுவே என்று பேனாவை எடுத்திருப்பார்கள்! ஒருத்தி எழுதினால் அது குடும்ப விஷயம். இருபது பேர் எழுதினால் அது ஊர் விஷயம் ஆகிவிடும். குழுவினர் அஞ்சியதும் அதற்காகவே இருக்கக்கூடும்.

1986ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டத்தினர் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டனர். சித்திரலேகா மௌனகுரு அவர்கள் அதன் தொகுப்பாசிரியர். பத்துப் பெண்களின் கவிதைகள் அதில் அமைந்தன. மிகச் சிறிய புத்தகம். சட்டைப் பையில் வைக்கலாம் போன்றது. போரும் இடப்பெயர்வும் இந்நாட்டைப் பிடித்து உலுக்கிய அவ்வேளையில், தனித்தனியே கொப்பிகளில் இருந்திருந்தால் அக் கவிதைகளிற் பல அழிந்தே போயிருக்கும். அப் பதின்மருள் ஒருவராகிய சிவரமணி 1991ஆம் ஆண்டிலே, தம் கைவசமிருந்த எழுத்துகளை எரித்துவிட்டு உயிர் நீத்தார். அத் தொகுதியிலும் நண்பர்கள் கையிலும் இருந்தவையே இன்று நமக்கு எஞ்சியிருக்கின்றன. இதற்கு மேல் அதனைப் பற்றிப் பேச எமக்கு வார்த்தை வரவில்லை. இச் சபையிலுள்ள இளைஞர்கள் அந் நூலைத் தேடிப் படித்தல் வேண்டும்.

நாம் சற்று விரிவாகக் கூற விரும்புவது வட இந்தியாவில் நடைபெறும் ஒரு முயற்சியைப் பற்றியதாகும். உத்தரப் பிரதேசத்தில் சித்திரகூடம் என்ற மாவட்டம் உண்டு. இராமபிரான் வனவாசத்திலே தங்கிய இடம் என்று நம்மவர் அறிந்த பெயர்தான். மிக வறிய பிரதேசம். அங்கே 2002ஆம் ஆண்டில் 'கபர் லகரியா' என்ற பத்திரிகை தொடங்கப்பெற்றது. செய்தி அலைகள் என்று பொருள்படும். டில்லியிலுள்ள 'நிரந்தர்' என்ற கல்வி நிறுவனம் துணை நின்றது. அது இந்தியில் அன்று, அப்பகுதி மக்கள் பேசும் புந்தேலி மொழியில் வெளிவந்தது. செய்தி சேகரித்தவர், எழுதியவர், படம் பிடித்தவர், பக்கம் அமைத்தவர், ஊரூராகக் கொண்டு சென்று விற்றவர் யாவரும் பெண்கள். தலித் பெண்கள், பழங்குடிப் பெண்கள், முஸ்லிம் பெண்கள். பலர் சிறு வயதில் மணமாகிப் பிள்ளைகளைப் பெற்ற பின்னர் எழுத்தறிவு வகுப்புக்குச் சென்று எழுத்துக் கூட்டப் பழகியவர்கள். அவ் வகுப்புகளின் பயனாக முன்னரே ஒரு சிறு செய்தித் தாள் வெளிவந்து நின்றுபோயிருந்தது. கற்ற எழுத்து மறந்துபோகக் கூடாதே என்ற கவலையும் இப் பத்திரிகை தோன்றுதற்கு ஒரு காரணம்.

அவர்கள் எதை எழுதினார்கள்? உலக அரசியலை அன்று. குழாய்க்கிணறு பழுதாகி எத்தனை மாதம், பங்கீட்டுக் கடையில் அரிசி ஏன் நிறை குறைகின்றது, போட்டதாகக் கணக்கெழுதிய வீதி எங்கே என்பவற்றை எழுதினார்கள். பெண்கள்மீது இழைக்கப்பட்ட கொடுமைகளை, பொலிசார் முறைப்பாடு எழுத மறுத்தவிடத்தும், இவர்கள் சென்று கேட்டு எழுதினார்கள். தாழ்ந்த சாதியென்று ஒதுக்கப்பட்ட ஒருத்தி கையிற் குறிப்புப் புத்தகத்தோடு அதிகாரியின் முன் நாற்காலியிலமர்ந்து கேள்வி கேட்பது அப்பகுதியில் அதற்கு முன் எவரும் காணாத காட்சி. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் மன்னர் செஜோங் எழுத்தறிவுப் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் அச்சுத் தாளை விட்டு, கைத்தொலைபேசியிலேயே செய்தியும் படமும் வெளியிடும் முறைக்கு மாறினர்.

பரிசைப் பற்றிப் பேசுவதிலும் பார்க்க, 2015ஆம் ஆண்டில் நடந்ததைப் பேசுவது நமது பொருளுக்குப் பொருத்தமாகும். ஒருவன் இப் பெண்களிற் பலரைத் தொலைபேசியில் அழைத்து, கேட்கத் தகாத வார்த்தைகளாற் பல மாதங்கள் துன்புறுத்தினான். அவர்கள் முறையிட்டும் பொலிசார் அக்கறை காட்டவில்லை. இலக்கத்தை மாற்றுங்கள், அழைப்பை எடுக்காதீர்கள் என்பதே கிடைத்த புத்திமதி. ஒருத்தி தனியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? வீட்டார் காதில் விழுந்துவிடுமே என்று அஞ்சி வேலையை விட்டிருப்பாள். இவர்களோ ஒருவரோடொருவர் பேசி, எல்லோருக்கும் வரும் அழைப்பு ஒன்றே என்பதைக் கண்டுகொண்டு, நடந்ததை வெளிப்படையாக எழுதினார்கள். அவ் எழுத்து நாடெங்கும் பரவியது. அதன் பின்னரே அவன் கைது செய்யப்பட்டான்.

இன்னுமொன்று. இவர்களைப் பற்றி 2021ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படம் வெளிவந்து, அடுத்த ஆண்டில் ஒஸ்கார் பரிசுக்குத் தெரிவுசெய்யப்பட்ட படங்களுள் ஒன்றாயிற்று. உலகமே மெச்சியது. அவ்வேளையில் இப் பெண்கள் ஓர் அறிக்கை வெளியிட்டு, படம் எங்கள் பணியின் ஒரு பகுதியை மாத்திரமே காட்டுகின்றது, எங்கள் கதை இதனிலும் விரிந்தது என்று மரியாதையோடு மறுத்துக் கூறினர். படம் எடுத்தவர்களிடத்திலும் நியாயம் இருக்கலாம். அவ் வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. இகழ்வோரை மறுக்கப் பலருக்குத் துணிவு வரும். புகழ்வோரை நிறுத்தி, 'எங்கள் கதையை நாங்கள் சொல்கின்றோம்' என்று கூறுவதற்கு வேறொரு துணிவு வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் எழுத்தறியாதிருந்த பெண்களுக்கு அது எங்கிருந்து வந்தது? இருபது ஆண்டுகள் ஒருவர் எழுத்தை ஒருவர் படித்து வந்தமையால் வந்தது என்பது எமது எண்ணம்.

இங்கு பெரியோர்கள் மனத்தில் எழும் ஆட்சேபத்தை நாம் அறிவோம். பெண்பிள்ளையின் பெயர் வெளியில் அடிபட்டால் நாளைக்குக் கலியாணப் பேச்சுக்கு இடைஞ்சல் வராதா என்பர். முன்னாளில் மொட்டைக் கடிதம் வந்தது. இன்று அது கைத்தொலைபேசியில் வருகின்றது. முகமற்றவன் எறியும் கல் இன்று விரைவாக வருகின்றது என்பதும் மெய்யே. அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் சித்திரகூடத்துப் பெண்களைக் காப்பாற்றியது மௌனம் அன்று. பெயரை மறைக்க விரும்பும் பிள்ளை புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். அது அவளே எடுக்க வேண்டிய முடிவு. தந்தையோ தமையனோ, நமது சங்கமோ எடுக்கும் முடிவன்று.

இனி முன்னர் கூறுவதாகச் சொன்ன காரியம். நமது சங்கத்தில் இளைஞர் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய காலம் பெரியோர்களுக்கு நினைவிருக்கும். அச்சகத்துக்குப் பணமில்லாத நாட்களில் எத்தனையோ நல்ல எழுத்தாளர்கள் அவ்வாறுதான் உருவாயினர். அதனைப் பெண்கள் கையிற் கொடுத்து மீண்டும் தொடங்குவோம் என்பதே எமது வேண்டுகோள். நிருவாக சபையினர் இசைந்திருக்கின்றனர். மகளிர் பிரிவைச் சேர்ந்த மூவர் ஆசிரியர் பொறுப்பை ஏற்றுள்ளனர். சமையற் குறிப்புக்கும் கோலத்துக்கும் மாத்திரம் ஒதுக்கிய 'மாதர் பகுதி' இதில் இல்லை. அவற்றை எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம், நல்ல மீன்குழம்புக்கு நாமும் விரோதியல்லோம்.

ஒரேயொரு விதி உண்டு. ஒருவர் எழுதியதைப் படிப்பவர் அதன் கீழே பதில் எழுதாமற் கொப்பியை மூடக் கூடாது. பதில் விஷயத்தைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையாற் சுழிப்பதில் நம்மவருக்கு இருக்கும் ஆர்வம் நாடறிந்தது. அந்த ஆர்வத்தை மூன்று மாதத்துக்கு அடக்கி வைக்குமாறு ஆசிரியத் தொழில் பார்க்கும் அன்பர்களைத் தனிப்பட வேண்டிக்கொள்கின்றோம். ஆண்களும் படிக்கலாம், பதிலும் எழுதலாம். எதனை நீக்குவது, எதனைச் சேர்ப்பது என்பதை அம் மூவரே தீர்மானிப்பர். அத் தீர்மானத்தின் மேல் நிருவாக சபைக்கு முறையீடு செய்ய இடமில்லை. இவ் வாக்கியத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணி தொடக்கம் ஆறு மணி வரை நூல்நிலையம் இதற்காகத் திறந்திருக்கும். திறப்பு மகளிர் பிரிவினரிடம் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லாதவர் அங்கு வந்து எழுதலாம். எழுதத் தெரியாத தாய்மார் வாயாற் சொன்னால், பட்டம்மாள் எழுதியதைப் போல, எழுதிக் கொடுக்க இரண்டு பிள்ளைகள் முன்வந்திருக்கின்றனர். முதற் பக்கம் நேற்றே எழுதப்பட்டுவிட்டது. இச் சபையிலிருக்கும் ஒரு தாய், கிணற்று நீர் உவர்ப்பாகிய பின்னர் ஒரு நாளில் தாம் எத்தனை குடம் நீரை எவ்வளவு தூரம் சுமக்கின்றார் என்று கணக்கெழுதியிருக்கின்றார். அதன் கீழே பதில் எழுதுவதற்கு அரைப்பக்கம் விடப்பட்டிருக்கின்றது. கொப்பி கூட்டம் முடிந்ததும் வாசலருகேயுள்ள மேசையில் வைக்கப்படும்.